திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு, ஆயில் பிரஷர் இல்லாமல்

திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் பழைய காரில் போகலாமா என்று வாசகர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நான் போயிருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் போக வேண்டிய முப்பத்துச் சொச்சம் மைலைக் காலையில் கிளம்பிப் பிற்பகலில் போய்ச் சேர்ந்தேன், அவ்வளவுதான். எழுபதுகளின் நடுவில், தை அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் நடந்த கதை இது. சாலை மாறிவிட்டது, என் தலைமுடி மாறவில்லை, ஒரேயடியாகப் போய்விட்டது. ஆனால் ஓடுகிற வண்டியில் ஆயில் பிரஷர் திடீரென்று விழுந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பது இன்றைக்கும் அதேதான். பழைய கார்க்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எதற்காகப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் வீட்டோடு மாப்பிள்ளை. மதுராந்தகத்தில் பார்த்த வேலை போய், மனைவி கோமளாவின் பிறந்த வீட்டில் வந்து தங்கியிருந்தேன். என் மாமனாருக்குத் திருவள்ளூர் கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணும் கைங்கரியம். அவர் கையால் கிளறிய அக்காரவடிசலுக்கு ஊரே கையேந்தி நிற்கும். என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதுதான் கஷ்டமே. தினமும் மூன்று வேளை மரியாதையாகச் சோறு போடுகிற மனிதரிடம் சண்டைகூடப் போட முடியாது. தெருவில் போகிறவர்கள் "மாப்பிள்ளை இன்னும் ஊருக்குக் கிளம்பலையா" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

இந்த நேரத்தில்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு வேலை வந்தது. அங்கே வயலும் முள்காடுமாக இருந்த இடத்தில் ஒன்றிரண்டு ஷெட்டுகள் எழும்பத் தொடங்கியிருந்த காலம். வெங்கையா என்பவர் விவசாயக் கிணறுகளுக்கான பம்பு செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஆர்.கே.பேட்டையிலிருந்து பழவேற்காடு வரை ஊர் ஊராகப் போய்ப் பம்பு விற்க ஆள் வேண்டும். சொந்த வண்டி இருக்க வேண்டும். வேலை கிடைத்தால் பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு உண்டு. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் கோமளாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். வண்டியோடு வந்து காட்டு, மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்குள் வந்துவிடு, இன்னொருத்தர் ஜீப் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று வெங்கையா சொல்லி அனுப்பியிருந்தார்.

வண்டி என்னிடம் இருந்தது. மணவாள நகரில் ஒரு பழைய டாக்டர் பத்து வருஷமாகக் கோழி அடைத்து வைத்திருந்த கறுப்பு நிறச் சீமைக் கார். கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன், நடந்ததில் கம்பெனிக்குப் பங்கில்லை. கிளம்பும்போதே பிளிறும், மேட்டில் மூச்சு வாங்கும், பின்னால் புகையைக் கக்கும். கோமளா அதற்குக் கஜேந்திரன் என்று பெயர் வைத்திருந்தாள். கோழி எச்சத்தைச் சுரண்டி, என்ஜினைப் பிரித்துப் பூட்டி, ஓட வைத்தது நான்தான். அதனால் அதன் உடம்பில் எனக்குத் தெரியாத திருகாணி கிடையாது என்கிற கர்வம் எனக்கு உண்டு.

மாமனாருக்குக் கும்மிடிப்பூண்டி பிடிக்கவில்லை என்பது என் எண்ணம். ஒரு மாசமாக அந்த ஊரைப் பற்றித்தான் பேச்சு. தண்ணீர் உப்பு கரிக்குமாம், பாம்பு அதிகமாம், பக்கத்தில் பெருமாள் கோயில் இல்லையாம். முதல் நாளே கிளம்புகிறேன் என்றதற்கு, அமாவாசைக்கு மறுநாளான பாட்டிமை ஆகாது என்று ஒரு நாள் தள்ளிப் போட வைத்தார். கடைசியில் கோமளாவோடு தானும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார். பெண் குடியிருக்கப் போகிற இடத்தைப் பார்க்க வேண்டுமாம். வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு மனைவியையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போன விற்பனைப் பிரதிநிதி தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். டிக்கியில் மாமனார் ஒரு பெரிய துணி மூட்டையை வைத்தார். என்ன என்று கேட்டதற்கு, "வழியிலே அதைத் திறக்க வேண்டாம் மாப்பிள்ளை" என்றார். நான் பானெட்டைத் தூக்கி எண்ணெய் பார்த்தேன். அளவுகோலில் இருக்க வேண்டிய குறிக்கு ஒரு நூல் மேலேயே இருந்தது. கோமளா எட்டிப் பார்த்து, "ஏன்னா, இது மேல எறும்பு ஊர்றதே" என்றாள். என்ஜின் பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றுகிற குழாய் மூடியைச் சுற்றிச் சாரை சாரையாகக் கட்டெறும்பு. உங்கப்பா மூட்டையில் தின்பண்டம் இருக்கும், அதற்கு வந்திருக்கும் என்று சொல்லித் துணியால் தட்டிவிட்டேன். அன்றைக்கு அந்த எறும்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

தாமரைப்பாக்கம் வரைக்கும் ராஜபோகம். இரண்டு பக்கமும் வயல், குளிர்ந்த காற்று, பின் சீட்டில் மாமனார் மெதுவாகப் பாசுரம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆயில் பிரஷர் மீட்டரில் முள் நாற்பதில் நின்றது. தாமரைப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த முள் ஒரு நடுக்கம் நடுங்கி, சரசரவென்று கீழே இறங்கிப் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

பழைய கார் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்த முள் படுத்தால் நீங்கள் யோசிக்கக் கூடாது, என்ஜினை நிறுத்த வேண்டும். சாலையோரம் எங்கே நிழல் இருக்கிறது என்று பார்க்கவும் கூடாது. எண்ணெய் போகாத என்ஜினில் இரும்போடு இரும்பு தேயும், சில நிமிஷத்தில் பேரிங் உருகிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வண்டியைக் கோழிக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். நான் சாவியைத் திருப்பி நிறுத்தினேன். கஜேந்திரன் உருண்டுபோய் ஒரு புளியமரத்தடியில் தானாக நின்றது, அதுவரைக்கும் அதற்குப் புத்தி இருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய் அளவு. பார்த்தேன், இருந்தது. கீழே ஒழுக்கு உண்டா என்று படுத்துப் பார்த்தேன், இல்லை. ஒன்றும் புரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால், முள் ஒன்றுமே நடக்காததுபோல நாற்பதுக்குப் போய் நின்றது. மாமனார் கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. காரணம் தெரியாமல் சரியான வண்டி, காரணம் சொல்லாமல் மறுபடி கெடும்.

வெங்கல் நெருங்கும்போது கெட்டது. அங்கே டீக்கடையில் லாரியை நிறுத்தியிருந்த முனுசாமி என்கிற டிரைவர் தம்ளரோடு வந்து சேர்ந்தார். பானெட்டைத் திறந்து வைத்தால் நம் ஊரில் ஆள் கூடாமல் இருக்காது. விவரம் கேட்டுவிட்டு, "இன்னாத்துக்கு சார் பேஜாரு? மீட்டர் கெட்டுப் பூடுச்சு. அது மேல ஒரு துணியப் போட்டு மூடிட்டு நீ பாட்டுக்கு ஓட்டிக்கினு போ. என் வண்டில மீட்டரே கெடையாது, நான் விஜயவாடா போய்க்கினு வரல?" என்றார்.

ஆள் சொன்ன வைத்தியம் தப்பு, ஆனால் சந்தேகம் சரியானது. முள் விழுந்தால் பிரஷர் விழுந்ததா, முள்தான் பொய் சொல்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டருக்குப் போகிற மெல்லிய குழாயை என்ஜின் பக்கம் கழற்றிவிட்டு, கோமளாவை ஸ்டார்ட்டர் பொத்தானை இழுக்கச் சொன்னேன். எண்ணெய் பீச்சியடித்தால் மீட்டர் பொய், வராவிட்டால் பிரஷர் நிஜமாகவே இல்லை. ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. முனுசாமியின் முகம் சுருங்கிவிட்டது, சொந்தக்காரருக்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டதுபோல.

அடுத்தது ரிலீஃப் வால்வு. பிரஷர் அதிகமானால் எண்ணெயைத் திருப்பி விடுகிற வால்வு இது. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு குமிழ். தூசி மாட்டி அந்தக் குமிழ் திறந்தபடியே நின்றுவிட்டால் பிரஷர் முழுக்க அந்த வழியாகப் போய்விடும். கழற்றினேன். ஸ்பிரிங் துள்ளி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் மடியில் விழுந்தது. அவர் அதைத் தன் ஆசாரமான அங்கவஸ்திரத்தில் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். தூசி ஏதும் இல்லை. ஆனாலும் துடைத்துப் பூட்டியதும் பிரஷர் வந்தது, முனுசாமி கைதட்டினார், டீக்கு யாரையும் காசு கொடுக்க விடவில்லை. நானும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன்.

பெரியபாளையம் தாண்டி ஆரணி வருவதற்குள் முள் மறுபடி படுத்தது.

மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. இனி கையைப் பிசைந்து பயனில்லை என்று ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோமளா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க வால்வைத் தொட்டதுனாலயா சரியாச்சு, இல்ல வண்டி நின்னதுனாலயா?" என்று கேட்டாள். எனக்கு யாரோ விளக்கைப் போட்டதுபோல் இருந்தது. தாமரைப்பாக்கத்தில் நான் எதையுமே தொடவில்லை, ஆனாலும் சரியானது. அப்படியென்றால் நிற்பதுதான் மருந்து. என்ஜின் அடியில் எண்ணெய்த் தொட்டி, அதில் பம்பு எண்ணெயை உறிஞ்சுகிற வாய், வாயில் ஒரு கம்பி வலை. தொட்டியில் ஏதோ ஒன்று கிடக்கிறது. ஓடும்போது உறிஞ்சலில் வந்து வலையை அடைத்துக்கொள்கிறது, நின்றால் விடுபட்டுக் கீழே விழுகிறது. என்ன அது என்று மட்டும் தெரியவில்லை. நான் என்ஜின் பூட்டியபோது உள்ளே கந்தைத் துணியை விட்டுவிட்டேனோ என்ற பயம் வந்தது.

நடுரோட்டில் தொட்டியைக் கழற்ற முடியாது. ஆகவே முள் நடுங்க ஆரம்பித்ததும் நிறுத்துவது, ஆறவிட்டு மறுபடி கிளப்புவது என்று போனோம். புதுவாயலுக்குள் இரண்டு தடவை, கவரைப்பேட்டைக்குள் இன்னும் இரண்டு தடவை. என்ஜின் சூடேறச் சூடேற ஓடுகிற தூரம் குறைந்துகொண்டே வந்தது. நிற்கிற இடத்திலெல்லாம் மாமனார் இறங்கி, பானெட்டில் கை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு ஏறினார். போகாதே போகாதே என்று சொல்கிறாரோ என்று எனக்குள் ஒரு கெட்ட எண்ணம் ஓடியது.

பட்டறை வாசலில் நுழையும்போது சாப்பாடு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். வாசலில் பளபளவென்று ஒரு ஜீப் நின்றது. அறைக்குள் அதன் சொந்தக்காரர் கால் மேல் கால் போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். கஜேந்திரன் புகையைக் கக்கி, ஒரு பெரிய ஏப்பம் விட்டு நின்றது. வெங்கையா வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் ஸ்பேனர்.

"சங்கு ஊதி எவ்ளோ நேரம் ஆச்சு நைனா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, முடிந்துபோன விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவன், நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்: அளவு, ஒழுக்கு, மீட்டர் குழாய், வால்வு, நின்றால் சரியாவது. கடைசியில் உறிஞ்சுகிற வாயில் அடைப்பு இருக்கிறது, தொட்டியைக் கழற்றினால் தெரிந்துவிடும் என்றேன். அவர் ஸ்பேனரை எடுத்துக் கையில் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு உள்ளே திரும்பி இரண்டு பேரைக் கூப்பிட்டு, வண்டியை, அடியில் இறங்கி வேலை பார்க்கிற பள்ளத்தின் மேல் தள்ளச் சொன்னார்.

எண்ணெயை வடித்து, தொட்டியை இறக்கினார்கள். இறக்கும்போதே ஒரு வாசனை. இரும்பு உருக்கும் பட்டறையில், கருகின எண்ணெய்க்கு நடுவில், கல்யாண வீட்டு வாசனை. வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொட்டியின் அடியில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒன்று திரண்டு கிடந்தது. கம்பி வலையிலும் அதுவேதான் அப்பியிருந்தது. கந்தைத் துணி இல்லை என்று எனக்கு உயிர் வந்தது, ஆனால் அது என்ன என்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. வெங்கையா குச்சியால் தொட்டுத் தூக்கினார். நூலாக நீண்டது.

தள்ளி நின்றிருந்த மாமனார் தன்னை அறியாமல் நாலு எட்டு முன்னால் வந்தார். குனிந்தார், முகர்ந்தார்.

"பாகு முத்திப் போயிடுத்தே" என்றார்.

நாற்பது வருஷமாக அக்காரவடிசல் கிளறிய மூக்கு, அந்த இடத்திலும் பதம்தான் பார்த்தது. சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே புரிந்தது. எல்லோரும் அவரையே பார்த்தோம்.

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் திருவள்ளூரில் அமாவாசையன்று கோயில் குளத்தில் வெல்லத்தைப் பொடித்துக் கரைப்பார்கள். வெல்லம் கரைவதுபோல உடம்பில் உள்ள வியாதியும் கரைந்து போகும் என்று வேண்டுதல். வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். என் மாமனார் கஜேந்திரன் மூச்சு வாங்குவதையும் புகை விடுவதையும் மாசக்கணக்காகப் பார்த்திருக்கிறார். தை அமாவாசை அன்று அதற்காக வெல்லம் வாங்கியிருக்கிறார். வியாதி வண்டிக்கு, வண்டியோ குளத்துக்கு வராது. ஆகவே வேண்டிக்கொண்டு, நன்றாகப் பொடித்து, நான் எண்ணெய் ஊற்றுகிற குழாயிலேயே போட்டுவிட்டார். அளவுகோலில் ஏறியிருந்த அந்த ஒரு நூல் அதுதான். எண்ணெயில் வெல்லம் கரையாது என்பது மடப்பள்ளியில் நெய் வார்த்தவருக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். பெருமாள் நினைத்தால் எதிலும் கரையும் என்று இருந்துவிட்டார்.

இதையெல்லாம் அவர் அப்போது கோவையாகச் சொல்லவில்லை. திக்கித் திணறினார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உப்புத் தண்ணீர், பாம்பு, பாட்டிமை எல்லாம் நினைவுக்கு வந்தது. நான் சொல்லத் துணியாததைக் கோமளா கேட்டுவிட்டாள்.

"அப்பா, நாங்க இங்க வரக் கூடாதுன்னு பண்ணினேளா?"

மாமனார் வண்டியின் பின்பக்கம் போனார். டிக்கியைத் திறந்தார். அந்த மூட்டையைக் கொண்டுவந்து தரையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே புது வெண்கலப் பானை, அதற்குள் அரிசி, பயத்தம்பருப்பு, சின்னத் தூக்கில் நெய், சூடம். எல்லாவற்றுக்கும் மேலே காகிதத்தில் சுற்றிய பாதி வெல்ல உருண்டை.

"பாதி வண்டிக்கு, பாதி உங்க புது ஆத்துக்குன்னு வெச்சிருந்தேன்" என்றார். "இன்னிக்கே பால் காய்ச்சிடலாம்னுதான் நாளும் பார்த்தேன்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை கிடைக்கும் என்று என்னைவிட அவர்தான் நம்பியிருக்கிறார். அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டு கோமளா அழுதாள், அவள் அழுவதைப் பார்த்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலையோ போய்விட்டது, இனி இந்த மூட்டையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போய் எப்படி உட்காருவது என்று நான் நின்றேன்.

வெங்கையா ரொம்ப நேரம் வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பம்பு ஓடுகிறது, கொஞ்ச நேரம் வந்து தண்ணீர் நின்றுவிடுகிறது, நிறுத்திப் போட்டால் மறுபடி வருகிறது, என்ன கோளாறு? கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது. உறிஞ்சுகிற குழாயின் அடி வால்வில் பாசியோ இலையோ வந்து அடைக்கிறது என்றேன். அப்புறம்தான் காலையிலிருந்து வழியெல்லாம் இதே பாடத்தைத்தான் படித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது.

"உள்ள ஒக்காந்துகினு கீறவரு ஜீப் நின்னா டிரைவரைக் கூப்புடுவாரு" என்றார் வெங்கையா. சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, என்னிடம் கொடுக்காமல் மாமனாரிடம் நீட்டினார். "சாவி இல்லாம பாலை எங்க காச்சுவீங்க பெரியவரே? பின்பக்கம் பச்சைக் கதவு."

அன்று சாயங்காலம் பால் பொங்கியது. பாதி வெல்லத்தில் மாமனார் பண்ணிய அக்காரவடிசலை ஜீப்காரரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். கஜேந்திரனின் தொட்டியைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காய வைத்து, புது எண்ணெய் ஊற்றினேன். அதன் பிறகு திருவாலங்காட்டுக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் பம்பு விற்கப் பல வருஷம் அதில்தான் அலைந்தேன். முள் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. புகை மட்டும் நிற்கவே இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், வெயில் ஏறினால் பழைய என்ஜினுக்கு ஆகாது. இப்போது சாலை நன்றாக இருக்கிறது, பெரியபாளையத்தில் கோயில் நாட்களில் மட்டும் கூட்டம் மொய்க்கும், அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள். பிரஷர் விழுந்தால் வண்டியை உடனே நிறுத்துங்கள். அளவு, ஒழுக்கு, மீட்டர், வால்வு, வலை என்று வரிசையாகப் பாருங்கள். நின்று ஓடினால் சரியாகிறது என்றால் நேரே வலைக்குப் போய்விடலாம். முள்ளின் மேல் துணியைப் போட்டு மூடச் சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் டீயை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு நகருங்கள். கிளம்புகிற அன்று மூடியைச் சுற்றி எறும்பு ஊர்ந்தால் தட்டிவிடாமல், வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.

எண்ணெய் மூடிக்கு நான் ஒரு பூட்டு போட்டேன். அதற்கடுத்த அமாவாசைக்கு மாமனார் பெண்ணைப் பார்க்கக் கும்மிடிப்பூண்டி வந்திருந்தார். கையில் காகிதப் பொட்டலம். பூட்டைப் பார்த்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்பக்கம் நின்று, ரேடியேட்டர் மூடியை ஒரு விரலால் தட்டினார்.

"மாப்பிள்ளை, இதுல தண்ணிதானே ஊத்தறேள்?" என்றார். "தண்ணின்னா கரையுமோன்னோ?"